தம்பிக்குச் சொல்லாத சாவு

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் விழுந்து இறந்தார். தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று அன்று மதியமே அம்மா முடிவு செய்துவிட்டார்.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். இங்கிருந்து போன அமைதிப்படையோடு தெற்கு லெபனானில் இருந்தான். அமைதி காக்கப் போன இடத்தில், எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் அவர்கள் முகாமுக்கு மேலே குண்டுகள் பறந்துகொண்டிருந்தன.

"சொல்லிடுவோம்மா. ஒரே பையன். அவன்தானே கொள்ளி வைக்கணும்" என்றேன்.

"சொன்னா லீவு எழுதிக் குடுத்துட்டு ஓடி வருவான். கேம்ப்ல பங்கர் இருக்கு. ஏர்போர்ட்டுக்கு வர்ற ரோட்டுல என்ன இருக்கு? கார் எரிஞ்சத டிவில பார்த்தியா இல்லையா?"

பார்த்திருந்தேன். அந்தச் செய்திக்குத் தலைப்புப் போட்டதே நான்தான். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் துணையாசிரியராக இருக்கிறேன். மரண அறிவிப்புப் பக்கமும் என் பொறுப்பு. அப்பாவின் அறிவிப்பு அந்தப் பக்கத்தில் வரவில்லை. ஃபேஸ்புக்கில் எதுவும் போட வேண்டாம் என்று உறவினர்களிடம் கேட்டுக்கொண்டோம். மின்சுடலையில் பொத்தானை நான் அழுத்தினேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் வீடியோ அழைப்புக்குச் சற்று முன், அம்மா கண்ணாடி முன் நின்று ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டார். கழுத்து தெரியாதபடி துண்டைப் போர்த்திக்கொண்டார். துணைக்கு வந்து தங்கியிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"ஏம்மா இந்த வெயில்ல போர்த்தியிருக்கீங்க?" என்றான் தம்பி, திரையில் வந்ததும்.

"சளிப்பா."

"அப்பா எங்க?"

"ஜுருவுக்குப் போயிருக்காரு, பழைய வொர்க்ஷாப்புக்கு. வேற என்ன வேலை அவருக்கு?"

நம்பக்கூடிய பதில்தான். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா அந்தக் கார்ப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஃபோனில் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் அவருக்குப் பேச வராது. தம்பி சிரித்தான்.

"கிழவருக்கு என்னைவிட கெரேத்தாதான், அந்தப் பழைய காருங்கதான் முக்கியம்லா."

என் பங்குக்கு நான் வீட்டுச் செய்திகளைச் சொன்னேன். பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் மறுபடியும் பழுது. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி பூனை வளர்க்கிறார். பாசாரில் மீன் விலை ஏறிவிட்டது. எல்லாம் உண்மை. ஒரு செய்தியை எடுத்துவிட்டு மீதியை வைத்துப் பக்கத்தை நிரப்புவது எனக்குத் தெரிந்த வேலை.

வாரங்கள் இப்படியே போயின. அழைப்பு முடிந்ததும் அம்மா பொட்டை உரித்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைப்பார். அப்பா ஒரு ஞாயிறு தூங்கினார், ஒரு ஞாயிறு முடிவெட்டப் போனார்.

தைப்பூசம் நெருங்கியது. அந்த ஞாயிறு தம்பியின் முகம் சரியாக இல்லை. முகாமுக்கு அருகில் ஏதோ விழுந்ததாக முந்தின நாள் செய்தி வந்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

"அம்மா, தேர் வர்றப்போ எனக்காக ஒரு தேங்கா உடைச்சிடுங்க. அப்புறம் மலைக்குப் போய் ஒரு அர்ச்சனை."

இதற்கு முன் அவன் இப்படி எதுவும் கேட்டதில்லை. அம்மா யோசிக்காமல் பதில் சொன்னார்.

"எப்படிப்பா? தீட்டு வீடு. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாதே."

'சரிப்பா' என்றிருந்தால் போதும். இத்தனை வாரம் பொய் சொன்னவருக்குச் சாமி காரியத்தில் அது வாயில் வரவில்லை.

திரையில் தம்பி அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவனுக்குப் பின்னால் ஒருவர் வாளியுடன் நடந்து போனார்.

"யாரு?" என்றான்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"அப்பா" என்றேன்.

"எப்போ?"

சொன்னேன்.

"முடிவெட்டப் போயிருக்காருன்னீங்களே."

அம்மா நெற்றிப் பொட்டை உரித்தார்.

"கொள்ளி?"

"நான்தான்."

அவன் எழுந்து போய்விட்டான். திரையில் தகரச் சுவர் மட்டும் இருந்தது. அம்மா அதைப் பார்த்து, "தம்பி... ஐயா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தலையை மழித்திருந்தான். மீசையும் இல்லை. அம்மா அவன் முன்னால் முதன்முறையாக அழுதார். அழுது முடியும்வரை காத்திருந்தான். பிறகு நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"நியூஸ் வேணாம்க்கா. ஃபோனைத் திருப்புங்க. எல்லாரையும் ஒவ்வொருத்தரா காட்டுங்க."

தைப்பூசத் தேங்காயைப் பக்கத்து வீட்டுப் பெண் உடைத்தார். தம்பி அவரிடம் நேரே கேட்டிருக்கிறான். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இப்போதும் ஞாயிறுதோறும் அம்மா ஃபோனை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையசைக்கிறார். நான் கூடத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நிற்கிறேன். தம்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்க்கிறான்.

"சரி," என்கிறான். "அடுத்தது."