வளை நெல்

கீழ்வேளூர்ப் பக்கத்துப் பண்ணையார் துரைராசு பலே கெட்டிக்காரர். சென்னையில் கழக ஆட்சி உச்சவரம்புச் சட்டத்தை இறுக்கியதும், நிலத்தையெல்லாம் மச்சினன் பேரிலும் மாமியார் பேரிலும் எழுதிவைத்துச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவினார். கொடி பிடித்துக் கூலி கேட்டவர்களை வயலில் இறங்கவிடாமல் பட்டினி போட்டார். அப்பேர்ப்பட்டவரைப் பழிவாங்கியவள் கிட்டி கட்டும் வேம்பு. கிட்டி என்பது எலி பிடிக்கிற மூங்கில் வில்பொறி.

முந்தின சம்பாவில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்தார். புழு செத்தது. புழுவைத் தின்ற தவளையும் நண்டும் சுருண்டன. அவற்றைச் சாரைப்பாம்பு தின்றது, ஆந்தை தின்றது, வேம்புவின் சின்னஞ்சிறு மகள் அம்சவல்லியும் தின்றாள். வரப்பில் பிடித்த நண்டை ஆசையாய்ச் சுட்டுத் தின்ற பிள்ளை பொழுது சாய்வதற்குள் நுரை தள்ளிச் செத்துப்போனாள்.

நியாயம் கேட்கப் போனவளிடம் துரைராசு, "என் வயல்ல கிடக்கறது என்னுது. உன் பொண்ணை யாரு திருடித் திங்கச் சொன்னா?" என்றார்.

வேம்பு அழவில்லை. உள்ளுக்குள் பற்றி எரிந்தாள்.

அடுத்த சம்பாவுக்குப் பாம்பும் இல்லை, ஆந்தையும் இல்லை. எலிக்கு இனி யாரிடம் பயம்? குட்டியும் குடும்பமுமாகப் பெருகி, கதிர் முற்றுகிற நேரத்தில் வயலில் புகுந்தன. பண்ணையார் வைத்த விஷ உருண்டையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. துரைராசு வேம்புக்கு ஆள் அனுப்பினார். அந்த வட்டாரத்தில் கிட்டி கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"வரேங்க" என்றாள். வந்து, வில்லின் நாணைத் தளர்த்திக் கட்டினாள். எலிகள் இரையைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போயின. ஒப்புக்கு நாலைந்தைத் தடியால் அடித்துக் கிட்டியில் தொங்கவிட்டாள். மற்றவை கதிர் கதிராக இழுத்து வளைக்குள் சேர்த்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அறுவடை முடிந்தபின் எலி வளையைத் தோண்டுகிறவர்களுக்கே அதிலுள்ள நெல் சொந்தம் என்பது ஊர் வழக்கம். வேம்பு தெருவையே மண்வெட்டியோடு திரட்டிக்கொண்டு போனாள். கூடை கூடையாகக் கதிர் வந்தது. களத்தில் பாதி நெல்கூடத் தேறாத துரைராசு வரப்புக்கு ஓடிவந்தார்.

"என் வயல் நெல்லுடி அது!"

வேம்பு குழிக்குள் கைவிட்டு, மண்வெட்டி பட்டுச் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி அவர் காலடியில் போட்டாள்.

"உங்க வயல்ல கிடக்கறது உங்களுதுதாங்க. இந்தாங்க, திருடித் தின்னவன். யாரு திங்கச் சொன்னான்னு கேட்டுக்குங்க."

அன்று தெருவில் எல்லா வீட்டிலும் சோறு வெந்தது. வேம்பு வயிறு முட்டத் தின்றாள். பசி அடங்கியது, ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிட்டிக்கு மூங்கில் வெட்டப் போனாள். அடுத்த சம்பாவுக்கும் அவர் அவளைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.