மேலே இருந்து மூன்றாவது

என் மைனி அந்தக் கடிதத்தில் என்னதான் எழுதியிருந்தார்?

ஒரு வருஷம் ஆகப்போகிறது. துணி காயப் போடும்போதும், மகளுக்குத் தலை வாரும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அதற்குப் பதில் தெரிந்தவர் மைனி ஒருவர்தான். கேட்க எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மைனி என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க நாங்கள் விண்ணப்பம் போட்டது அதே பள்ளிக்கூடத்தில்தான். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பேச்சு மிகவும் குறைவு. அம்மா, தண்ணி, கப்ப, இப்படிச் சில. கப்ப என்றால் கப்பல். அவள் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பதால் அந்த வார்த்தை முந்திக்கொண்டது. நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தும் பிள்ளை பேசவில்லையே, போனைக் கையில் கொடுத்தது தப்போ, நானே அதிகம் பேசாதவளாக இருப்பதுதான் காரணமோ என்று நாள் முழுக்க எனக்குள் விசாரணை நடக்கும்.

அந்த விசாரணைக்கு ஒரு கோப்பும் வைத்திருந்தேன். 'பாப்பா சொன்ன வார்த்தைகள்' என்று பெயர். புதிதாக ஒரு வார்த்தை சொன்னால் லேப்டாப்பைத் திறந்து வேர்டில் அடித்து வைப்பேன். பதினோரு வார்த்தைகள் இருந்தன. என் கணவருக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

லேப்டாப் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாகுமென்டேஷன் பார்த்தபோது வாங்கியது. உப்புக்காற்றில் அதன் ஓரங்கள் துருப் பூத்துப்போய், பென் டிரைவைச் செருக மூன்று தடவை முயல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மைனி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேள்வித்தாள், மார்க் பட்டியல், சபைப் பெண்கள் சங்கத்து அறிக்கை எல்லாம் அதில்தான். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

மைனி கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில்லை. டாகுமென்ட் ஒன்று, டாகுமென்ட் பதினான்கு என்று வேர்டு தானாக வைக்கும் பெயரிலேயே எல்லாம் பென் டிரைவில் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வேர்டைத் திறந்ததும் கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் வருமே, அதை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது. "மேலேருந்து மூணாவது, ஏழாம் கிளாஸ் பேப்பர். அஞ்சாவது, சங்கத்து ரிப்போர்ட்டு" என்று விரல் வைத்து எண்ணுவார். "பேர் வச்சா ஈஸியா இருக்கும் மைனி" என்று ஒரு தடவை சொன்னேன்.

"நாப்பது பிள்ளையளுக்குப் பேர் ஞாபகம் வச்சிருக்கேன்ளா. இந்தச் சவத்துக்கும் பேர் வைக்கணுமாக்கும்?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத்துக்குக் கூட்டிப் போனேன். கணவருக்குப் பகல் ஷிஃப்ட், தனியாகத்தான் போனேன். தலைமையாசிரியை ஆப்பிள் படத்தைக் காட்டினார். மகள் பார்த்தாள். பசுவைக் காட்டினார். பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வீட்டில் எங்கள் தெருப் பசுவைப் பார்த்து 'மா' என்று ஓயாமல் கத்துகிறவள்.

தலைமையாசிரியை என் விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு, "ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார். "ஒங்க வீட்டுலயே ஒரு டீச்சர் இருக்காங்கல்லா. அவங்களும் பிள்ளையப் பத்தி எழுத்துல குடுத்திருக்காங்க. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

எழுத்தில் என்ன கொடுத்தார் என்று அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும். சரி மேடம், தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். டவுன் பஸ்ஸில் மகள் என் மடியில் நின்றுகொண்டு, ரோட்டில் போன கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றையும் பார்த்து "கப்ப, கப்ப" என்றாள். லாரிக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையை யார்தான் சேர்ப்பார்கள் என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக மைனி மேல் கோபம் இன்னும் ஏறியது.

மத்தியானம் மகள் தூங்கியதும் லேப்டாப்பைத் திறந்தேன். வேறொரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பக் கடிதம் அடிக்கலாம் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை மைனி மூடிவைத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வேர்டு திறந்தது. பட்டியல் வந்தது.

முதலாவது, 'எல்.கே.ஜி. பாப்பா லெட்டர் எச்.எம்.' இரண்டாவது, 'பாப்பா சொன்ன வார்த்தைகள்.' மூன்றாவது, வழக்கம்போல ஏதோ ஒரு டாகுமென்ட்.

என் வார்த்தைக் கோப்பை நான் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது கீழே எங்கேயோ கிடக்க வேண்டியது. இரண்டாவது இடத்துக்கு வந்திருக்கிறது என்றால் யாரோ திறந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! என் பிள்ளையின் பதினோரு வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே கடிதத்தை முடித்திருக்கிறார். ஆயுளில் ஒரு கோப்புக்கும் பெயர் வைக்காதவர், இதற்கு மட்டும் மெனக்கெட்டுப் பெயர் வைத்திருக்கிறார்.

கடிதத்தைச் சொடுக்கினேன். திறக்க முடியவில்லை, அந்த இடத்தில் கோப்பு இல்லை என்றது. அது பென் டிரைவில் இருந்தது. பென் டிரைவ் மைனியின் கைப்பையில்.

எதற்கும் இரண்டு தடவை யோசிக்கிறவள் நான். பால் காய்ந்ததா என்று இரண்டு தடவை பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அன்றைக்கு யோசிக்கவே இல்லை. பட்டியலில் ஒன்றின் மேல் வலது பொத்தானை அழுத்தினேன். பட்டியல் முழுவதையும் துடைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அத்தனை வரிகளும் போய் வெள்ளையாக நின்றது.

ஒரு கோப்பைக்கூட நான் அழிக்கவில்லை. இதை நான் கர்த்தர் முன்னாலும் சொல்வேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மைனிக்கு வழி மட்டும் இல்லாமல் பண்ணினேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு மத்தியானம் நான் சமீபத்தில் தூங்கியதில்லை.

சனிக்கிழமை காலையில் மைனி வந்தார். திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குத் தேர்வு. கேள்வித்தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுக்க வேண்டும். நான் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே பார்த்தேன். விரல் திரைக்குப் போனது, அந்தரத்தில் நின்றது.

"ஏளா, இதுல ஒண்ணையும் காணலியே?"

"என்னது மைனி?"

"லிஸ்ட்டு. மேலேருந்து மூணாவதா இருந்துச்சு பேப்பரு. எங்கன போச்சு?"

"தெரியலியே மைனி. அப்டேட் ஆயிருக்கும்."

அப்டேட் என்ற ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மைனி பென் டிரைவைத் திறந்தார். இருநூறு டாகுமென்ட்டுகள் வரிசையாக நின்றன. தேதிப்படி அடுக்கினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். ஏஜென்சியில் தினமும் நான் செய்த வேலை அது. என் கையில் இட்லி இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் திறக்கவில்லை. பட்டியலைத் துடைத்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்று இப்போது படுகிறது. துடைத்தது ஆத்திரத்தில். இது முக்கால் மணி நேரம், நிதானமாக.

ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். நெற்றியில் வேர்வை. "கண்ணு பூத்துப் போச்சுளா, நீ வந்து ஒரு கை பாரேன்" என்றார்.

"பிள்ள இப்பத்தான் ரெண்டு வாய் வாங்குதா மைனி. எந்திச்சா துப்பிருவா."

கடைசியில், "ஆங், இந்தா இருக்கு!" என்றார். ஏழாம் வகுப்பு, அறிவியல், மூன்றாம் பருவம் என்று தலைப்பு இருந்தது. மைனிக்குக் கேள்வித்தாளில் வருஷம் போடுகிற வழக்கம் இல்லை. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். சரியானதைத்தான் எடுத்தாரா என்று எனக்கும் அப்போது தெரியாது. இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மைனி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கேள்வித்தாளைக் கொடுத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லையாம், முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து நின்றிருக்கிறது.

"'டீச்சர், இது போன வருசம் எங்க அக்கா எழுதுனது டீச்சர். வீட்டுல விடையோட இருக்கு'ங்கா. கிளாஸே சிரிக்கி. ஒருத்தி, 'அப்ப விடைத்தாளயும் ஒங்க அக்காட்ட வாங்கிக் குடுத்துரலாம்ளா'ங்கா. எச்.எம்.மு ஸ்டாஃப் ரூம்ல வச்சு, எல்லாரும் இருக்கச்சில, 'இருவது வருச சர்வீஸ்ல இதுதான் படிச்சியளா'ன்னு கேட்டுட்டாவ."

தேர்வை ரத்து செய்துவிட்டார்களாம். நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். தட்டில் எங்கள் ஊர் முந்திரி மக்ரூனும் வைத்தேன். மத்தியானமே நான் போய் வாங்கி வந்திருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நான் மட்டும் கொண்டாட ஒரு விசேஷம் வரும் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒன்றை அடுப்படியிலேயே நின்று தின்றேன். வாயில் கரைந்தது.

"என்னளா, மக்ரூன்லாம் வந்திருக்கு?" என்றார் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த கணவர்.

"சும்மா. பாப்பா கேட்டா."

"பாப்பா கேட்டாளா!" என்று மைனி நிமிர்ந்தார். "மக்ரூன்னு சொன்னாளா? வாயத் தெறந்து?"

அந்த முகத்தில் இருந்தது சந்தோஷமா, சந்தேகமா என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. நான் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

மைனி கைப்பையைத் திறந்து பென் டிரைவை எடுத்து மேஜை மேல் எறிந்தார். "ஏலே தம்பி, இந்தச் சனியனத் தொடச்சுக் குடு. பழச வச்சிருந்தாத்தான மாறி எடுப்பேன். ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தயும் தொட."

கணவர் லேப்டாப்பைத் திறந்தார். பென் டிரைவ் முதல் தடவை இறங்கவில்லை, இரண்டாவது தடவையும் இறங்கவில்லை. அந்தக் கடிதம் அதற்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைனி முகம் கழுவப் போகும்போது திறந்து வாசித்துக்கொள்ளலாம் என்று நான் பத்திரமாக எண்ணிவைத்திருந்த கடிதம். 'ஒரு நிமிஷம் அத்தான்' என்று சொன்னால் போதும். எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் பட்டியலைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பட்டியலைப் பார்த்தேன் என்றால், அது எப்படிப் போனது என்பதும் வெளியே வரும். தட்டோடு நின்றேன். மூன்றாவது தடவை இறங்கியது. ஃபார்மட் என்பதை அழுத்தினார். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மைனி எங்கள் பிள்ளையை வேண்டாம் என்று எழுதினாரா, அல்லது இத்தனை வார்த்தை சொல்கிறாள், தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று என் பதினொன்றையும் வரிசையாக எழுதிக் கெஞ்சினாரா, எனக்குத் தெரியாது. தலைமையாசிரியை சொன்னது இரண்டுக்கும் பொருந்துகிறது. சில நாள் இரண்டாவது என்று தோன்றும். அடுத்த நாளே, கெஞ்சி எழுதியவர் அதை எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தோன்றும். உடனே முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து நிற்கும் காட்சியை நினைத்து ஆற்றிக்கொள்வேன். அது இன்னும் இனிக்கத்தான் செய்கிறது. அதை ஒளிக்க மாட்டேன்.

இப்போது மகளுக்கு நாலரை வயது. இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். "லாரி போவுது, கப்பல் போவல" என்கிறாள். போன வாரம் அதே பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மைனி வந்து, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்:

"ஏளா, இந்த வருசமும் எச்.எம்.முக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் குடுக்கேன். போன தடவ மாதிரியேதான். நீ பக்கத்துல இருந்து சேவ் மட்டும் பண்ணிக் குடு, என்ன?"

போன தடவை மாதிரியே. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். "பாப்போம் மைனி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மைனி மறுபடியும் வந்து உட்காருவார். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பார். பழைய கடிதம் உண்மையிலேயே என் பிள்ளைக்காக எழுதியதாக இருந்தால், அந்த உதவியை நானே தட்டிவிட்டதாகும். சரி என்றால், அவர் அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். ஆனால் கண்ணெதிரே ஒன்று எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வேறொன்றைக் கொடுப்பவராக இருந்தால்? போன வருஷம் நான் செய்ததைச் சொல்லிவிட்டு, கடிதத்தில் என்ன இருந்தது என்று நேராகக் கேட்கலாம் என்றும் ஒரு மனது சொல்கிறது. கேட்டபிறகு அவர் கையில் இருப்பது என் மகளின் இடம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து அனுபவப்பட்ட தாய்மார்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை மைனி எழுதட்டுமா, வேண்டாமா?