குளத்துச் சேற்றில் ஒரு நத்தை

மயிலாப்பூரில் ஒரு சின்னக் கோயில் குளத்தைத் தூர் வாருகிறார்கள். கோவையிலிருந்து ரயிலேறி வந்த நான், கரையில் குவித்த சேற்றைச் சல்லடையில் அலசிக்கொண்டிருக்கிறேன். அழிந்திருக்கலாம் என்று சொல்லப்படும் ஒரு நன்னீர் நத்தை கடைசியாகத் தென்பட்டது இங்கேதான். சேற்றை அள்ளிப்போக லாரி வந்து நிற்கிறது.

“இன்னாம்மா, மோதிரம் எதுனா தொலைச்சிட்டியா?” என்கிறார் டிரைவர்.

“நத்தை தேடறேங்கண்ணா.”

“நத்தையா? மழ பேஞ்சா எங்கூட்டு செவுரு பூரா அதான். கோணி எடுத்துனு வா.”

“அது வேறங்க. இது தண்ணிக்குள்ள வாழறது, கடைசியா இந்தக் குளத்துலதான் பார்த்திருக்காங்க.”

சல்லடையில் மிளகளவு ஓடுகள் தங்குகின்றன. எல்லாம் காலி. ஒன்றின் வாயை மட்டும் நத்தையின் சிறு மூடி அடைத்திருக்கிறது. செத்த நத்தையின் மூடி பெரும்பாலும் கழன்றுவிடும். இதற்குள் உயிர் இருக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதை இடுகிறேன். டிரைவரும் குனிந்து பார்க்கிறார். மூடி மெல்ல விலகுகிறது. உள்ளேயிருந்து கறுப்புச் சேறு கரைந்து வருகிறது.

அவர் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்துகிறார்.

“நானும் தேடறேன். உசுரோட இருந்தா எப்டிம்மா இருக்கும்?”

நான் பார்த்ததில்லை. அந்தக் காலி ஓட்டை அவர் உள்ளங்கையில் வைக்கிறேன்.