இருபத்தெட்டுக் கோடுகள்

வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைத்ததும் சித்தி கண்ணாடியைக் கழற்றிவிடுகிறாள். பிறகுதான் எண்டர். கறுப்புத் திரையில் விடை வந்து நிற்கும். கிட்டப்பார்வைக்காரியான அவளுக்கு அது வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். மேசையில் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து, கையால் போட்ட தன் விடையை மூக்கருகே பிடித்து ஒருமுறை வாசிப்பாள். அதற்கப்புறம் கண்ணாடி திரும்பும். "முதல்ல அதைப் பாத்துட்டேன்னா, என்னோடதும் அதே மாதிரிதான் தெரியும். கண்ணுக்கு வெக்கம் கிடையாதுடி."

போட்டித் தேர்வுகளுக்குக் கணிதப் புத்தகம் போடும் சிறிய பதிப்பகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு வேலை. எழுதுபொருள் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அதுதான் பதிப்பகம். புத்தகத்தை எழுதுபவர் ஒரு பேராசிரியர். அவர் அனுப்பும் விடைகளில் மூன்றில் ஒன்று தப்பாக இருக்கும். அந்த மூன்றில் ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் சித்தியின் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்கு 'விடைப்பக்கம்' என்று பெயர். "விடைப்பக்கம் இன்னிக்கு லீவா?" என்று முதலாளியே கேட்பார்.

பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். ஊர் சுற்றி முடித்து வந்த நான் பெட்டியை இறக்கி வைத்தது அந்தக் கணினி இருக்கும் அறையில்தான். அதனால் இதெல்லாம் தெரியும்.

எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக் கணக்குப் போடுகிற பழைய மென்பொருள் அது. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. தட்டினால் பதில். அரைப்புள்ளி வைக்க மறந்தால் அதுவும் பேசாது. வாக்கியம் முடியவில்லை என்று மரியாதையாகக் காத்திருக்கும். புதிதில் ஒருநாள், பெரிய கணக்கு, யோசிக்கிறது என்று நினைத்து சித்தி ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாளாம். "நான் அதுக்காக உக்காந்திருக்கேன். அது எனக்காக உக்காந்திருக்கு. எங்க கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான் இருந்தது."

கேள்வியைப் போட்டோ எடுத்தால் விடை சொல்லும் செயலி ஒன்றை முதலாளி அவள் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். மூன்றே நாளில் அழித்துவிட்டாள். "அது எதுவுமே திருப்பிக் கேக்க மாட்டேங்குது. திருப்பிக் கேக்காதவங்க பதிலை நான் நம்ப மாட்டேன்."

அவளுடைய மென்பொருள் கேட்கும். ஒரு கணக்கின் விடை a என்ற எழுத்தின் தன்மையைப் பொறுத்திருந்தால், பாதி வழியில் நின்று, 'a மிகையா, குறையா, பூஜ்யமா?' என்று விசாரிக்கும். பல நாட்டு எல்லைகளில் வரிசையில் நின்றிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு அவசியமாக எந்த அதிகாரியும் கேள்வி கேட்டதில்லை. சித்தியும் உடனே பதில் தட்டிவிடுவாள்.

சித்தப்பாவுக்கு இதில் வருத்தம் உண்டு. "அது கேட்டா டக்குனு பதில் வருது. சாவியை எங்க வெச்சேன்னு நான் காலையிலேர்ந்து கேக்குறேன்."

"அது கேக்குற கேள்விக்கு மூணே பதில். உங்க கேள்விக்கு வீடு முழுக்கத் தேடணும்."

அவள் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் விதமும் தனி. ஒரே விடை நூறு வேஷம் போடும். கண்ணால் பார்த்து ஒன்றா வேறா என்று சொல்ல முடியாது. ஆகவே பேராசிரியரின் விடையிலிருந்து மென்பொருளின் விடையைக் கழித்து, சுருக்கச் சொல்லுவாள். பூஜ்யம் வந்தால் சரி. வராவிட்டால் பேராசிரியர் மாட்டிக்கொண்டார். காலை முதல் மாலை வரை பாடுபட்டு, பூஜ்யம் வந்ததற்காக ஒரு பெண் முகம் மலர்வதை இந்த வீட்டில்தான் பார்த்தேன்.

புத்தகத்தின் அட்டையில் பேராசிரியரின் பெயர் இருக்கிறது, கூடவே மூன்று வரிக்குப் பட்டங்கள். உள்ளே அச்சிட்டவர் பெயர், அட்டை வரைந்தவர் பெயர். சித்தியின் பெயர் எங்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "எடம் இல்லம்மா. பதினாறு பதினாறு பக்கமாத்தானே மடிச்சுக் கட்டணும்? ஒரு பக்கம்கூட கூட்ட முடியாது," என்றார் முதலாளி. எல்லாப் புத்தகத்தின் முடிவிலும் 'குறிப்பெழுத' என்ற தலைப்போடு நான்கு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பெருமையை வளர்த்துக்கொண்டாள்: அவள் பார்த்த எந்தப் புத்தகத்துக்கும் பிழைதிருத்தச் சீட்டு போட நேர்ந்ததில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் கைபேசி அடித்தது. பதிப்பகத்திலிருந்து எண்ணை வாங்கிக்கொண்டு ஒருவர் பேசினார். பெட்ரோல் பங்கில் வேலையாம். வண்டி வராத நேரத்தில் தேர்வுக்குப் படிப்பாராம்.

"மேடம், நூத்தி எம்பத்தாறாம் பக்கம், ஏழாவது கணக்கு. வளைகோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்பு. உங்க விடையில a-க்கு மைனஸ் ரெண்டு போட்டுப் பாத்தேன்."

"எதுக்குங்க மைனஸ் போட்டீங்க?"

"போடக் கூடாதுன்னு புக்குல இல்லையே மேடம்."

சித்தி புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

"பரப்பு மைனஸ்ல வருது. கோடு முழுக்க மேலதான் நிக்குது, பரப்பு மட்டும் எப்படி கீழ போகும்? நான்தான் தப்பா போட்டிருப்பேன்... இருங்க மேடம், ஒரு லாரி வந்துடுச்சு." தொடர்பு அறுந்தது.

சித்தி கணக்கைத் திரும்பத் தட்டினாள். எண்டரைத் தட்டும்போது கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. மென்பொருள் எதுவும் கேட்காமல் அதே விடையைத் தந்தது. அவளை உறுத்தியது அதுதான். ஏன் கேட்கவில்லை? மிகையா, குறையா என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது.

'உனக்கு இதுவரை என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது?' என்று அதையே கேட்க ஒரு கட்டளை உண்டு. தட்டினாள். ஒரே வரி வந்தது: a பூஜ்யத்தைவிடப் பெரியது.

சித்தி அந்த மென்பொருளை மூடுவதே இல்லை. மூடினால் சொன்னதெல்லாம் மறந்துவிடும், முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். சில மாதங்களுக்கு முன் சுவரில் சாய்த்த ஏணி பற்றி ஒரு கணக்கு. ஏணியின் நீளம் a. நீளம் குறை எண்ணாக இருக்காது. அது தெரியாமல் மென்பொருள் அடிக்கு ஒருதரம் விசாரிக்கவே, அலுத்துப் போய், 'a எப்போதும் மிகை என்று வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டாள். ஏணி அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. சொன்ன வார்த்தை போகவில்லை.

அதற்கு அடுத்த அத்தியாயத்தில் பதினான்கு விடைகளில் பேராசிரியர் a-வின் இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு போட்டு அனுப்பியிருந்தார். உள்ளே குறை எண்ணே வந்தாலும் மிகையாக மாற்றி வெளியே அனுப்பும் கோடுகள் அவை. சித்தி கழித்துப் பார்த்தாள். பதினான்கு முறையும் பூஜ்யம். கோடுகள் இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான். "தேவையில்லாத அலங்காரம்" என்று ஓரத்தில் எழுதி, இருபத்தெட்டுக் கோடுகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் பேராசிரியர் ஓர் அத்தியாயம் முழுவதும் சரியாகச் செய்திருந்தார். அதுதான் அச்சேறாமல் போயிற்று.

"நான் சொன்னதை அது மறக்கலடி. நான்தான் மறந்துட்டேன்," என்றாள். சாவியைத் தேடிக்கொண்டிருந்த சித்தப்பா அதை விட்டுவிட்டு அவளுக்கு டீ போடப் போனார்.

மறுநாள் அவளோடு மாடி ஏறினேன். முதலாளி கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இவ்ளோதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அடுத்த பதிப்புல கேள்வியில ஒரு வார்த்தை சேத்துடுங்க. 'a மிகை எண் எனக் கொள்க.' விடை தானா சரியாயிடும்."

"விடை தப்புன்னா கேள்வியை மாத்துறதா?"

"யாரும்மா கவனிக்கப் போறா? பங்க்ல ஒருத்தன் கவனிச்சான். அவனுக்கு ஒரு புக்கு சும்மா குடுத்துடுவோம்."

"பரீட்சையில அந்த ரெண்டு கோடு போடலைன்னா மார்க் போயிடுங்க. புக்கு ஏற்கெனவே கடையில இருக்கு. சீட்டு அடிச்சு எல்லாக் கடைக்கும் அனுப்பணும்."

முதலாளி பேனாவை மூடித் திறந்தார். "சீட்டு அடிச்சா, யார் தப்புன்னு கேப்பாங்க. புரொபசர் தலைகீழா குதிப்பார். அவர் எழுதினது சரி. நாம அடிச்சிருக்கோம்."

"நாம இல்ல. நான்."

"அதைப் போட முடியுமா?"

"போடுங்க. 'விடைகளைச் சரிபார்த்தவர்'னு என் பேரைப் போடுங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "ஏம்மா, புக்குல போடச் சொல்லிக் கேட்டீங்க, நியாயம். இதுல போடச் சொல்லி யாராவது கேப்பாங்களா?"

"இதுல எடம் இருக்குங்களே. ஒரே பக்கம்தானே. கட்ட வேண்டியதில்லையே."

பக்கம் அமைப்பவர் அடுத்த அறையிலிருந்து சிரித்தது கேட்டது. முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் சரி என்றார்.

இரண்டு நாளில், அச்சுக்கு முன் சரிபார்ப்பதற்கான சீட்டின் மெய்ப்பு வீட்டுக்கு வந்தது. உள்ளங்கை அகலத் தாள். மேலே 'பிழைதிருத்தம்', நடுவில் பதினான்கு வரிகள், அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி. சித்தி மென்பொருளை மூடி, சொன்னதையெல்லாம் மறக்கவிட்டு, புதிதாகத் திறந்தாள். ஒவ்வொரு கணக்காகத் தட்டினாள். அது ஒவ்வொரு முறையும் விசாரித்தது. ஒருமுறை மிகை என்றாள், ஒருமுறை குறை என்றாள், இரண்டுக்கும் கழித்துப் பார்த்தாள். "எவ்வளவு கேக்குறியோ கேளு," என்று திரையிடம் சொன்னாள். இருபத்தெட்டு முறை பூஜ்யம் வந்தது. முகத்தில் எந்த மலர்ச்சியும் இல்லை; மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

கடைசி வரிக்கு வந்தாள். தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். தலைப்பெழுத்து சரி, புள்ளி சரி. தாளை மடிக்கப் போனவள் மறுபடி விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்து, பெயருக்கு அடியில் நிதானமாக ஓர் அலைக்கோடு இழுத்தாள். தடித்த எழுத்தில் போடச் சொல்ல மெய்ப்புத் திருத்துபவர்கள் இடும் குறி அது.