கைத்துப்பாக்கிக்குள் படிந்த கரி

மட்டாஞ்சேரியின் குறுமிளகுக் கிடங்குகளில் தராசு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் சங்கரலிங்கம். முள் ஒரு மயிரிழை விலகினாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. சோற்றை ஆறவிட்டு அதைச் சரிசெய்துகொண்டிருப்பார். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் துப்பாக்கி சுடும் சங்கத்தார் 1976இல் அவரை வேலைக்கு வைத்தார்கள். வெளிநாட்டுத் தோட்டா அரிதாகக் கிடைத்த காலம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, புதுக் குண்டு பொருத்திப் பயிற்சிக்குத் தயார்செய்வது அவர் வேலை. மருந்து அலமாரியின் சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லை. 1978 மழைக்காலத்தில் தொடங்கியது தொல்லை. சுட்டவர்களின் விரல்களில் கரி ஒட்டியது. குழலைத் துடைத்தால் பிசுபிசுவென்ற அழுக்கோடு எரியாத மருந்துத் துணுக்குகளும் வந்தன. துப்பாக்கி பாதியில் சிக்கி நின்றது.

சங்கத்தின் செயலாளர் வெங்கிடேஸ்வரன், பாலக்காட்டுத் தமிழர், வக்கீல். ஒரு வியாழக்கிழமை சங்கரலிங்கத்தை அலுவலகத்துக்கு அழைத்தார்.

"ஓய், இந்தக் கரியைப் பாரும். மருந்தைக் கொறைச்சாலும் இப்படித்தான் ஆகும்."

"கொறைக்கலையே சாரே. ஒவ்வொண்ணையும் நிறுத்துத்தான் போடுதேன்."

"கும்பளங்கியில எவனோ வெடி போட்டு மீன் பிடிக்கறானாம். மருந்து எங்கேருந்து போறதுன்னு போலீஸ்ல கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

சங்கரலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பெட்டியிலேருந்து நீங்களே எடுங்க சாரே. பிரிச்சு நிறுத்துப் பாத்திருவோம்."

வெங்கிடேஸ்வரன் கைபோன போக்கில் ஐந்து தோட்டாக்களை எடுத்தார். சங்கரலிங்கம் குண்டைக் கழற்றி, கூட்டைத் தராசுத் தட்டில் கவிழ்த்துத் தட்டினார். முள் மட்டத்துக்கு வரவில்லை. அடுத்ததும் குறைவு. ஐந்தும் குறைவு, ஒவ்வொன்றும் வேறு அளவில்.

"போருமா?" என்றார் வக்கீல். சங்கரலிங்கம் தானே சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நடந்துகொண்டிருந்தார். மனைவி அங்கம்மாள் வெள்ளிக்கிழமைக்காக விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குப் பாரா போறீய? சாயா ஆறுது."

"தராசு என்னையக் களவாணிங்குதுட்டீ."

"ஒங்க தராசா? என்னைய நம்பாட்டாலும் அதைய நம்புவீயளே!"

அங்கம்மாள் புளி போட்டுத் தேய்த்த விளக்கைத் துடைத்து, உப்புக்காற்றில் பச்சை பிடிக்காமலிருக்க வழக்கம்போலத் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, பலகையில் வைத்தாள். பலகையில் கோலப்பொடி சிந்தியிருந்தது. விளக்கைத் திரும்ப எடுத்தபோது அடிப்பாகம் முழுக்க வெள்ளையாக ஒட்டியிருந்தது.

சங்கரலிங்கம் நடையை நிறுத்தினார். மழை தொடங்கியதும் பித்தளைக் கூடுகள் பச்சை பிடிக்குமென்று பயந்து, வீட்டில் விளக்குக்குச் செய்வதைப் போலவே அவரும் செய்திருந்தார். எண்ணெய்த் துணியை உள்ளேயும் விட்டுச் சுழற்றியிருந்தார்.

மறுநாள் காலையில் வக்கீல் வருமுன்பே அலுவலக வாசலில் நின்றார். அவர் வந்து கதவைத் திறந்தபோது ஐந்து கூடுகளும், ஐந்து சிட்டிகை மருந்தும் மேசையில் அப்படியே கிடந்தன. ஈர்க்கில் ஒன்றை விட்டு முதல் கூட்டின் உட்சுவரைச் சுரண்டினார். மருந்து கட்டிகட்டியாக உதிர்ந்தது. அந்தக் கூட்டிலிருந்து முந்தின நாள் கொட்டிய மருந்தோடு சேர்த்துத் தட்டில் போட்டார். முள் மட்டத்துக்கு வந்து, எண்ணெயின் கனத்தால் ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

வெங்கிடேஸ்வரன் கண்ணாடியை ஏற்றிக் குனிந்து பார்த்தார். மற்ற நான்கையும் தாமே சுரண்டினார்.

"எண்ணெயா?"

"ஆமா சாரே. மருந்து நனைஞ்சு போச்சு. கூட்டு வாயும் வழுக்குது, குண்டு இறுக்கமா நிக்கலை. முழுசா எரியுததுக்குள்ள வெளிய பாஞ்சிருது. தப்பு என்னோடதுதான்."

"நன்னாருக்கு. நாளைக்குத் திரியும் போட்டு ஏத்தும்!" வக்கீல் சிரித்துச் சாவியை அவர் பக்கம் தள்ளினார்.

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும். இனி நான் நிறுக்கும்போது யாராவது பக்கத்துல நிக்கணும்."

"இப்போ உம்மைச் சந்தேகப்படலையே ஓய்."

"நேத்து பட்டீங்கள்லா."

கூடுகளைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து, உள்வரை உலர்த்தி நிரப்பிய தோட்டாக்கள் அடுத்த பயிற்சியில் சுத்தமாக வெடித்தன. வந்து குழலைப் பார்க்கும்படி வக்கீல் கூப்பிட்டனுப்பினார். சங்கரலிங்கம் ஒரு கண்ணை மூடி ஒரே முறை பார்த்தார்; தலையசைத்தார்; மறுநாள் நிறுக்கும்போது கூட நிற்க ஆள் தேடிப் போய்விட்டார்.

1987வரை அந்த வேலையில் இருந்தார். தராசைத் துடைத்து மட்டம் பார்த்து வைத்துவிட்டு, காவலாளியோ, சுட வந்த யாரோ ஒருவரோ பக்கத்தில் வந்து நிற்கும்வரை மருந்துச் சாவியைக் கேட்கமாட்டார். யாரும் வராத நாட்களில் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார்.