தவக்காலத்துக் கிணறு

எங்கள் வீடு சாந்தோமில். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் கல்லூரிக்குப் போகும் மகளோடு நான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் கிணற்றில் உப்பு ஏறியதில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது நாங்கள் ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டிருப்போம். அந்தத் திமிர் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று குடும்ப ஜெபம் முடிந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமினான். அண்ணனை எப்போதும் 'அவர்' என்றுதான் எழுதுவேன். இதை எழுதும்போது கை வரவில்லை.

"கிணத்துல தண்ணி ரொம்ப எறங்கிடுச்சு. இந்தத் தவக்காலத்துக்குக் கறிய விட்டா மட்டும் பத்தாது, தண்ணியையும் விடணும். காலைல ஒரு தடவதான் மோட்டார். ஆளுக்கு ஒரு வாளி. அதான் நம்ம ஒறுத்தல்."

தவக்காலம் வந்தால் மட்டனை விட்டுவிட்டு வஞ்சிரத்தில் இறங்குகிற ஆள் அவன். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உண்மையாகவே கீழே போயிருந்தது.

எதில் இறங்கினாலும் முழுசாக இறங்குவது என் குணம். ஷவரைக் கழற்றி வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, ஏசியிலிருந்து சொட்டுவது எலுமிச்சைக்கு. செடிகளின் அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் போட்டு ஈரத்தைக் காப்பாற்றினேன். அப்படியும் ரோஜாக்கள் கருகின. குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்ததற்காக மகளைப் போட்டுக் காய்ச்சி எடுத்தேன். அவளுக்கு இடுப்பு வரை முடி. ஒரு வாளித் தண்ணீரில் அதை எப்படி அலசுவது? ஒரு நாள் பார்லருக்குப் போய்த் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் அழுதேன். அண்ணன் அவள் தலையில் கை வைத்து, "இதான்டா தியாகம்" என்றான்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் நான் பாடம் எடுக்கும் பள்ளியில் தேர்வு. மத்தியானமே வீடு திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே மோட்டார் ஓடும் சத்தம். யாரோ மறந்துபோய்ப் போட்டுவிட்டார்கள் என்று பதறிக் கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியிலிருந்து ஒரு பச்சை ஹோஸ் மதில் ஏறிப் பக்கத்து மனைக்குள் போயிருந்தது. அங்கே புதிதாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் இறுகுவதற்காகத் தூண்களைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்குகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"இன்னா மேடம் பாக்கறீங்க?" என்று மேஸ்திரி சிரித்தார். "உங்க அண்ணன்தான் பொங்கல்லேர்ந்து குடுத்துக்கினு கீறாரு. தங்கமான மனுசன். இந்தத் தண்ணி மட்டும் இல்லன்னா எங்க வேல நின்னு போயிருக்கும்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் கப்பில் அளந்து அளந்து மிச்சம் பிடித்ததெல்லாம் பக்கத்து வீட்டுத் தூணுக்குப் போயிருக்கிறது.

அண்ணன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பேப்பரைப் பிடுங்கி எறிந்தேன்.

"என்னை விடு. அந்தப் பொண்ணு முடிய வெட்டிக்கிட்டு வந்து நின்னாளே, அப்பக்கூட உனக்கு வாய் தொறக்கத் தோணலையா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கத்தாத. பக்கத்துல கட்டுற பில்டர்தான் நம்ம வீட்டையும் இடிச்சு ஃபிளாட்டா கட்டித் தரேங்கறாரு. பேசி முடிச்சாச்சு. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். எப்படியும் மூடப் போற கிணறு. அந்தத் தண்ணி அவருக்காவது ஆகட்டுமேன்னு குடுத்தேன்."

கிணறு மட்டுமில்லை, நான் நின்றுகொண்டிருந்த தரையையே என்னைக் கேட்காமல் பேசி முடித்திருக்கிறான். கூடப் பிறந்தவன். தினமும் ஒரே ஜெபமாலையை ஆளுக்குப் பாதியாகச் சொல்கிறோம்.

"எங்கிட்ட எப்போ சொல்றதா இருந்த?" என்று கேட்டேன்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்மா. தவக்காலத்துல உன் மனச நோகடிக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

அப்படித்தான் சொன்னான். முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.