மே மாதத்தில் மறைந்த செல்வமேரி

மதிப்பிற்குரிய சங்கத் தோழர்களுக்கும் தோழியர்க்கும் வணக்கம். செல்வமேரி அவர்களைப் பற்றி எழுத இத்துணைக் காலம் தாழ்த்தியமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுத அமர்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை.

செய்தி வந்தபோது இலுப்பூர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் முருகையா கைப்பேசியில், "மேரியக்கா போயிருச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." என்றார்.

பணியாளர் எவர் இறந்தாலும் நிர்வாகத்தின் சார்பில் மாலை வரும். குடும்பத்துக்கு உதவித்தொகையும் வரும். நம் பள்ளியின் கழிவறைகளைக் கழுவியே முதுமையடைந்த செல்வமேரிக்கு இரண்டும் வரவில்லை. கேட்கச் சென்ற எங்களிடம் மேலாளர், "ஒப்பந்தம் ஏப்ரலோட முடிஞ்சிருச்சுங்க. மே மாசத்துல அவங்க நம்ம ஆளு இல்லையே" என்றார். அவர் குரலில் கடுமைகூட இல்லை.

முன்பெல்லாம் ஜூன் மாதத்தில் நம்மை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, ஏப்ரல் வரைக்குமான ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறுவார்கள். அவ்வழக்கத்தை நிறுத்தியவர் செல்வமேரி. "ஒத்தையாப் போனா கையெழுத்துப் போடத்தான் போறோம். கூடிப் போனாத்தான் பேசப் போறோம்" என்பார். முதன்முறை அனைவரும் ஒன்றாக நுழைந்தபோது தாளாளர், "என்ன இது, கல்யாண வீடா?" என்று அதட்டினார். "கல்யாண வீடுன்னா சோறாச்சும் போட்டிருப்பீங்களே, ஐயா" என்றார் இவர். தாளாளரே சிரித்துவிட்டார். கையுறையும் நோய்க்கால விடுப்பும் நம் ஒப்பந்தத்தில் ஏறியது அன்றுதான்.

பிறர் உதவியின்றிப் படித்துத் தேர்ந்த தமிழில் நான் கோரிக்கைகளை எடுத்துரைப்பேன். "ஒன் பேச்சு ரேடியோ மாதிரி இருக்குடி. நாம கேக்குறது அவுகளுக்குப் புரிய வேணாமா?" என்று கேலி செய்வார். ஆயினும் அடுத்த கூட்டத்திலும் என்னையே முதலில் பேசவைப்பார்.

மே மாதம் மட்டும் நம் கைக்கு எட்டவில்லை. சென்ற பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஒரு சலுகையை முன்வைத்தது: பத்தாண்டு பணி முடித்தவர்களுக்கு மட்டும் மே மாதமும் பணிக்காலமாகும், ஏனையோருக்கு ஆகாது. செல்வமேரிக்கு அத்தகுதி இருந்தது. "ஒங்களுக்காச்சும் கெடைக்கட்டுமேக்கா" என்று முருகையா மன்றாடினார். "பாதிப் பேரு வாங்கிக்கிட்டா, மீதிப் பேருக்காக அடுத்த வருசம் யாருய்யா உள்ள வருவா?" என்று கேட்டுவிட்டு இவர் மறுத்தார். பேச்சு முறிந்தது. பழைய ஒப்பந்தமே நீடித்தது. அடுத்து வந்த மே மாதத்தில் அவர் இறந்தார்.

துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் மகள் கேட்டாள்: "அம்மா அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாமுல்ல, அத்தை?" அவள் கையைப் பிடித்தவாறு அமர்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் எனக்கென வைத்துக்கொள்வது, தமக்குக் கிடைக்கும் என்று அறிந்தே "வேணாம்" என்றபோது நடுங்கிய அக்குரலை மட்டுமே. அச்சமின்றிப் பேசினார் என்று எவரும் எழுத வேண்டா. அஞ்சிக்கொண்டேதான் பேசினார்.

நிர்வாகம் அதே சலுகையை மீண்டும் முன்வைத்திருக்கிறது. பள்ளி திறக்குமுன் விடை கேட்கிறது. நான் மறுக்கும் பக்கம் நிற்கிறேன். நீங்கள் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை விரைந்து தெரிவியுங்கள்.